நாற்பது பை மிளகு

கலகெதர
2025 ஜனவரி 19

கஜனிக்கு,

அக்கா எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன், ஆகவே சுகம் விசாரிப்பதெல்லாம் கடைசியில். போனில் பேசலாம்தான். பேசினால் நான் கத்துவேன், நீ கட் பண்ணுவாய், வெள்ளிக்கிழமை நடந்தது போல. வொய்ஸ் மெசேஜ் அனுப்பினால் உன் பதிலை நான் சத்தமாகப் போட்டுத்தான் கேட்பேன், மிளகு கொண்டுவந்து நிற்கிறவர்கள் எல்லாரும் நம் வீட்டுக் கதையைக் கேட்டுவிட்டுப் போவார்கள். நம் ஊர்க் கணபதி அண்ணன் தினமும் உன் கெம்பஸ் கந்தோருக்குத்தானே வேலைக்கு வருகிறார். அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். கவரை நன்றாக ஒட்டியிருக்கிறேன்.

விஷயம் இதுதான். போன கிழமை கடைத்தெருவில், உன்னோடு படிக்கிற ஜஹானாவின் உம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். நீ புதன்கிழமை தவறாமல் ஏதோ உதவி மேசைக்கு முன்னால் வரிசையில் நிற்கிறாயாம், ஜஹானா கண்டாளாம். பாடம் விளங்கவில்லையா, டியூஷன் ஏதாவது பார்க்கலாமே என்று என்னிடம் அனுதாபப்படுகிறார். நான் சிரித்துச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை.

உயர்தரப் பரீட்சையில் மூன்று ஏ எடுத்தவள் நீ. இந்தத் தெருவில் சயன்ஸ் படிக்க கெம்பஸ் போன முதல் பெண் பிள்ளை நீ. மிளகில் எவ்வளவு ஈரம் இருக்கிறது, எவ்வளவு பூஞ்சணம் பிடிக்கிறது என்று ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறாய் என்று நான் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். அதை எழுத இன்னொருத்தர் உதவி வேண்டுமா உனக்கு? அப்பா போனபோது எனக்கு இருபத்திரண்டு வயது. தராசைப் பார்த்து எடை சொல்லக்கூடத் தெரியாமல் இந்த வியாபாரத்தில் உட்கார்ந்தேன். யாரிடமாவது போய்க் கேட்டேனா? பிழை விட்டுப் பிழை விட்டுத்தான் படித்தேன்.

என் பங்கை நான் ஒழுங்காகச் செய்துவிட்டேன். டிசம்பரில் நீ கேட்டபடி நாற்பது வீட்டு மிளகு, நாற்பது பை, ஒவ்வொன்றிலும் வீட்டுக்காரர் பெயர் எழுதி அனுப்பினேன். அதில் ஒரு தூசி காட்டு பார்ப்போம். நீயும் உன் பங்கை அதே மாதிரி தனியாக நின்று செய்.

இருமல் எப்படி இருக்கிறது? கொத்தமல்லி முடிந்துவிட்டதென்றால் சொல்.

அக்கா
இராஜேஸ்வரி


பேராதனை
2025 ஜனவரி 23

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இருமல் போய்விட்டது. உங்கள் கோபம் போகவில்லை என்று கவரில் ஒட்டியிருந்த பசையைப் பார்த்தே தெரிந்துகொண்டேன், கத்தரிக்கோல் வைத்துத்தான் திறந்தேன்.

வரிசையில் நிற்பது உண்மைதான். அது மக்குகளுக்கான வரிசை இல்லை, அக்கா. என் மேற்பார்வையாளர் தனபாலன் சேர் இருக்கிறாரே, எங்கள் துறைக்கே பெரியவர், போன புதன் அவரும் ஒரு பைலை இடுக்கிக்கொண்டு எனக்கு நான்கு பேர் தள்ளி நின்றார். யாரும் அவரை டியூஷன் போகச் சொல்லவில்லை.

நீங்கள் நினைப்பது போலத்தான் நானும் நினைத்தேன். செப்டம்பர் தொடங்கி டிசம்பர் வரை ஒருத்தரிடமும் காட்டாமல் முதல் வரைவை எழுதினேன். உங்கள் தங்கை இல்லையா? சேர் அதை இரண்டு நாளில் திருப்பித் தந்தார். யாரிடம் காட்டினீர்கள் என்று கேட்டார். ஒருவரிடமும் இல்லை சேர் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். "அது தெரியுது" என்றார். அன்றைக்கு ஹொஸ்டல் வரை நடந்தே வந்தேன், பஸ்ஸில் ஏறினால் அழுதுவிடுவேன் என்று பயந்து.

அதற்குப் பிறகுதான் போகத் தொடங்கினேன். நான் மூன்று கிழமை தேடியும் கிடைக்காத கட்டுரைகளை நூலகத்தில் ஒரு மிஸ் பத்து நிமிடத்தில் எடுத்துத் தந்தார். எப்படித் தேடுவது என்றும் காட்டித் தந்தார், இப்போது நானே எடுக்கிறேன். எழுத்து உதவிக்கு அனுஷியா என்று ஒரு அக்கா இருக்கிறார். ஒரு வரிகூட எழுதித் தரமாட்டார். ஒவ்வொரு பந்திக்கும் பக்கத்தில் "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று பென்சிலால் எழுதி வைப்பார். அவ்வளவுதான் அவருடைய உதவி. பதில் தேடி எனக்குத் தலை வெடிக்கும். கணக்கு சரியா என்று பார்க்கிற புள்ளிவிபர மேசையில் ஷிபானா மிஸ். அதுதான் ஜஹானா கண்ட வரிசை.

கட்டுரை நான் எழுதுவதுதான். மார்ச் முப்பத்தொன்று கடைசித் திகதி. மாணவர் ஆய்வரங்கில் எங்கள் வகுப்பிலிருந்து மூன்று கட்டுரைதான் எடுப்பார்கள். அதில் ஒன்று என்னுடையதாக இருக்க வேண்டும் என்று எனக்கு வெறி. அதற்காக இன்னும் நூறு வரிசையில் நிற்பேன். ஜஹானாவின் உம்மாவிடம் அப்படியே சொல்லுங்கள்.

கொத்தமல்லி இருக்கிறது. மிளகுத்தூள்தான் முடிந்துவிட்டது.

கஜனி


பேராதனை
2025 ஜனவரி 30

அக்காவுக்கு,

போன கடிதத்துக்கு நீங்கள் பதில் போடவில்லை. இருந்தாலும் இதை அவசரமாக எழுத வேண்டியிருக்கிறது. கோபிக்காமல் கடைசி வரை படியுங்கள்.

நேற்று ஷிபானா மிஸ்ஸிடம் எல்லா அளவுகளையும் காட்டினேன். அக்குறணையில் நளீர் முதலாளி கடையிலிருந்து நாற்பது பை, குண்டசாலையில் நாற்பது, உங்களிடமிருந்து நாற்பது. மிஸ் கம்ப்யூட்டரில் படம் போட்டுப் பார்த்தார். அக்குறணை மிளகில் ஈரம் நூற்றுக்குப் பதினொன்றிலிருந்து பத்தொன்பது வரை இருக்கிறது. குண்டசாலையும் கிட்டத்தட்ட அப்படித்தான். உங்கள் நாற்பதும் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் ஒரே இடத்தில் குந்தியிருக்கின்றன. பூஞ்சணம் இல்லவே இல்லை. உள்ளே ஒன்றுமில்லாத பொக்கு மிளகு ஒன்றுகூட இல்லை.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எங்கள் ஊர் மிளகு எவ்வளவு நல்லது பாருங்கள் மிஸ் என்றேன். அவர் சிரிக்கவில்லை. "இது நாப்பது வீட்டு மொளகு மாதிரி இல்லயே. ஒரே ஆள்ட கை பட்ட மாதிரி ஈக்குது" என்றார்.

நாற்பது வீடு, நாற்பது முற்றம், காய வைத்த நாளும் வேறு வேறு. எப்படி அக்கா எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்? சாக்கிலிருந்து அள்ளினதை அப்படியே பையில் போட்டீர்களா, இடையில் ஏதாவது செய்தீர்களா? உண்மையைச் சொல்லுங்கள். எதுவாக இருந்தாலும் எனக்குத் தெரிய வேண்டும்.

கஜனி


கலகெதர
2025 பெப்ரவரி 9

கஜனிக்கு,

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். முதல் நாளே எழுதியிருந்தால் இந்தத் தாளில் தீ வைத்திருப்பேன்.

பதினேழு வருஷமாக மிளகு வாங்குகிறேன். இராஜேஸ்வரி அக்காவின் தராசில் பிழை இருக்கிறது என்று இந்தப் பக்கத்தில் ஒருத்தன் சொல்லட்டும். கண்டியிலிருந்து வருகிற லொறிக்காரர்கள்கூட என் சாக்கைத் திறந்து பார்க்காமல் ஏற்றுவார்கள். மேசை போட்டு உட்கார்ந்திருக்கிற ஒரு பிள்ளை, என்னைக் கண்ணால்கூடக் காணாதவள், என் கையைப் பற்றிப் பேசுகிறாள். நீயும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டு, வந்து என்னிடம் "உண்மையைச் சொல்லுங்கள்" என்கிறாய். எனக்கு அந்த வார்த்தைதான் சுடுகிறது.

கேட்டுக்கொள். ஆமாம், செய்தேன். நாற்பது பையையும் சுளகில் புடைத்தேன். பொக்கும் காம்பும் கல்லும் பொறுக்கினேன். ஈரமாக இருந்ததையெல்லாம் பாயில் போட்டு இரண்டு வெயில், சிலதுக்கு மூன்று வெயில் காய வைத்தேன். ஒருத்தர் மிளகு இன்னொருத்தர் மிளகோடு கலக்காமல் பாய்க்கு நடுவில் செங்கல் வைத்துப் பிரித்தேன். ஐந்து நாள் வேலை. முதுகு பிடித்துக்கொண்டது. உன்னிடம் சொன்னேனா?

நம் வீட்டிலிருந்து கெம்பஸுக்கு ஒரு பொருள் போகிறது. பெரிய பெரிய ஆட்கள் திறந்து பார்க்கப் போகிறார்கள். அதைக் குப்பையும் தூசியுமாகவா அனுப்புவேன்? சம்பந்தி வீட்டுக்கு அரிசி அனுப்பினாலும் கல் பொறுக்கித்தானே அனுப்புவோம். இதை எவள் பிழை என்பாள்?

அந்த நளீர் முதலாளி எப்படிக் கொடுத்தார் என்று நீயே சொன்னாய். கையில் அகப்பட்டதை அள்ளி, சாக்கு நூலும் வண்டுமாகப் போட்டுக் கொடுத்தாராம். அவருடைய குப்பை சரி, என்னுடைய சுத்தம் பிழை. நல்ல படிப்பு படிக்கிறாய்.

மிளகுத்தூள் அனுப்பியிருக்கிறேன். அதையும் அந்த மிஸ்ஸிடம் காட்டிவிட்டுச் சாப்பிடு.

இராஜேஸ்வரி


பேராதனை
2025 பெப்ரவரி 11

அக்காவுக்கு,

நீங்கள் பொய் சொன்னீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஷிபானா மிஸ்ஸிடம் உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். செங்கல் வைத்துப் பிரித்த இடத்தில் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "எவ்வளவு கவனமா செஞ்சிருக்காங்க" என்றார். ஆனாலும் அந்த நாற்பதையும் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

நான் அளக்க நினைத்தது உங்கள் கையை இல்லை. வீட்டுக்காரர்கள் கொண்டுவருகிறபோது மிளகு எந்த நிலையில் இருக்கிறது என்பதைத்தான். அந்த ஈரமும் தூசியும் வண்டும்தான் என் ஆராய்ச்சியே. நீங்கள் அதைப் பொறுக்கி எறிந்துவிட்டீர்கள். நளீர் முதலாளியின் குப்பை எனக்குப் பொன்.

தனபாலன் சேரிடம் போனேன். கலகெதரையை விட்டுவிட்டு இரண்டு ஊரோடு எழுதலாம் என்றார். எழுதலாம்தான். ஆனால் மூன்று இடத்தை ஒப்பிடுவதுதான் கட்டுரையின் உயிர். இரண்டு இடம் மட்டும் என்றால் ஆய்வரங்குக்கு எடுக்கிற மூன்று கட்டுரைகளில் ஒன்றாக வராது, அது எனக்கும் தெரியும் அவருக்கும் தெரியும். புதிதாகச் சேகரிக்கலாம் என்றால் பறிப்பு முடிந்துவிட்டது.

இதை எழுதக் கூடாது, எழுதுகிறேன். அப்படியே அள்ளிப் போடுங்கள் என்று போனில் இரண்டு தடவை சொன்னேன். நீங்கள் கேட்கவில்லை. நாலு பேர் உங்கள் மிளகைப் பார்த்து மெச்ச வேண்டும் என்று நினைத்தீர்கள். உங்கள் பெருமையைக் காட்ட என் கட்டுரைதானா கிடைத்தது? ஏன் இப்படிக் கேட்கிறாய் என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. யாரிடமும் எதுவும் கேட்காததை இவ்வளவு காலமும் ஒரு பட்டம் மாதிரிச் சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள்.

கஜனி


கலகெதர
2025 மார்ச் 2

கஜனிக்கு,

கணபதி அண்ணன் இந்தக் கடிதத்தோடு ஒரு பெட்டி தருவார். பாரம், கவனமாக வாங்கு. அதில் முப்பத்தேழு பை இருக்கிறது.

உன் கடிதத்தை இரண்டு நாள் அலுமாரிக்குள் போட்டுப் பூட்டி வைத்தேன். மூன்றாம் நாள் எடுத்துத் திரும்பப் படித்தேன். பட்டம் என்று எழுதியிருந்தாயே, அது வலித்தது. வலித்ததால் யோசித்தேன். பறிப்பு முடிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். கொடியில் முடிந்துவிட்டது. வீட்டில் முடியவில்லை. பாதிப் பேர் விலை ஏறட்டும் என்று ஒரு சாக்கையாவது கட்டிலுக்கடியில் வைத்திருப்பார்கள். இது புத்தகத்தில் இருக்காது, மிளகு வாங்குகிறவளுக்குத் தெரியும்.

அதனால் போனேன். வாழ்க்கையில் முதல் தடவை, விற்க வருகிறவர்கள் வீட்டு வாசலில் நான் போய் நின்றேன். எப்போதும் அவர்கள்தான் என் வாசலில் நிற்பார்கள். முதல் வீட்டில் வாய் திறக்க வரவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு, வெயில் அதிகம் என்று பேசிவிட்டு, திரும்பி வந்துவிட்டேன். அடுத்த நாள் மறுபடி அதே வீட்டுக்குப் போய்த்தான் கேட்டேன், சாக்கில் இருக்கிற மாதிரியே ஒரு கைப்பிடி மிளகு தாருங்கள், தங்கச்சியின் ஆராய்ச்சிக்கு என்று. வீட்டுக்காரர் சுது பண்டா மாமா சிரித்துவிட்டார். இப்போது கைப்பிடிக் கணக்கில்தான் வாங்குகிறாயா மகளே என்று சிங்களத்தில் கேட்டார். முன்னர் அனுப்பியது என்னவாயிற்று என்றும் கேட்டார். நான் புடைத்துப் பழுதாக்கிவிட்டேன் என்று சொன்னேன். கஜனி, அதைச் சொல்லி முடித்ததும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் உள்ளே போய் இரண்டு கைப்பிடி அள்ளிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டுத்தான் கேட்டேன். மிளகு வைத்திருந்த ஒரு வீட்டில்கூடத் தரமாட்டோம் என்று அனுப்பவில்லை. தேத்தண்ணீர் குடித்துக் குடித்து நெஞ்செரிச்சல் வந்துவிட்டது.

பதினெட்டாம் நம்பர் பையில் உயிரோடு ஒரு வண்டு ஓடுகிறது. இருபத்தாறில் பூஞ்சணம் வாடை அடிக்கிறது. கை அரித்தது. சுளகை எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்தேன், பார்த்தால் மனம் கேட்காது என்று. ஒன்றையும் தொடவில்லை. அவர்கள் கையால் அள்ளி, அவர்கள் கையாலேயே பையில் போட்டார்கள். நான் பெயரும் திகதியும் மட்டும் எழுதினேன்.

மூன்று வீட்டில் எல்லாவற்றையும் விற்றுவிட்டார்கள். வேறு யாருடைய மிளகையாவது போட்டு நாற்பதாக்கலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். போடவில்லை. முப்பத்தேழு என்றால் முப்பத்தேழுதான். இது போதுமா என்று அந்த ஷிபானா மிஸ்ஸிடம் வரிசையில் நின்று கேட்டு எழுது. நான் கேட்கச் சொன்னேன் என்றே சொல்.

அக்கா


பேராதனை
2025 மார்ச் 21

அன்பான அக்காவுக்கு,

போதும். முப்பத்தேழு போதும் என்று ஷிபானா மிஸ் சொல்லிவிட்டார். மூன்றை இட்டு நிரப்பாமல் விட்டதைக் கேட்டு, என் மாணவர்கள்கூட இப்படி இருக்க மாட்டார்கள் என்றார்.

பெட்டி வந்த அன்றிலிருந்து ஆய்வுகூடத்தில்தான் கிடந்தேன். ஈரம் பதினொன்றரையிலிருந்து பதினெட்டுக்கு மேல் போகிறது. பதினேழு பையில் பூஞ்சணம். அந்த வண்டும் சுகமாக வந்து சேர்ந்தது, ஜஹானாதான் கத்தினாள். இரண்டு மாதம் பிந்திச் சேகரித்தது என்பதால் மற்ற ஊர்களோடு நேரடியாக ஒப்பிடக் கூடாதே என்று பயந்தேன். நூலகத்து மிஸ் அதே மாதிரிச் சிக்கல் வந்த இரண்டு கட்டுரைகளைத் தேடித் தந்தார். நளீர் முதலாளியிடமும் குண்டசாலையிலும் மறுபடி போய், வைத்திருந்த மிளகில் பத்துப் பத்துப் பை வாங்கி அளந்து சரி பார்த்தேன். எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று ஒரு பந்தி முழுக்க எழுதியிருக்கிறேன். அனுஷியா அக்கா அந்தப் பந்திக்குப் பக்கத்தில் மட்டும் பென்சிலால் ஒன்றும் எழுதவில்லை.

தனபாலன் சேர் நேற்று முழுதும் வாசித்துவிட்டு, ஆய்வரங்குக்கு இதைத் தானே முன்மொழிவதாகச் சொன்னார்.

பெப்ரவரியில் நான் எழுதியதை நீங்கள் மன்னித்துவிட்டீர்கள் என்று தெரியும். இருந்தாலும் கேட்கிறேன், மன்னியுங்கள். நீங்கள் அந்த வாசல்களில் நின்றதை வாசித்த அன்று நூலகப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். அழுகை முடிந்த பிறகும் எழும்பிப் போக மனமில்லை. என் அக்கா என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

ஒரு விஷயம். முதல் நாற்பது பையைப் பற்றி எழுதத் தேவையில்லை, சும்மா விட்டுவிடலாம் என்று வகுப்பில் சிலர் சொன்னார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒரு வரி போட்டிருக்கிறேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "கலகெதரையில் முதலில் பெறப்பட்ட நாற்பது மாதிரிகள் ஒரு சேகரிப்பாளரால் முன்கூட்டியே சுத்தம் செய்யப்பட்டிருந்தமையால் நீக்கப்பட்டு, புதிதாக முப்பத்தேழு மாதிரிகள் பெறப்பட்டன." உங்கள் பெயர் எங்கேயும் வராது. யாருக்கும் தெரியாது. பயப்படாதீர்கள்.

முப்பத்தொன்றாம் திகதி பகல் பன்னிரண்டுக்கு முன்னால் அனுப்பிவிடுவேன்.

உங்கள்
கஜனி


கலகெதர
2025 மார்ச் 25

கஜனிக்கு,

உன் கடிதத்தைக் கடையில் நின்றே படித்தேன். மிளகு கொண்டுவந்தவர்கள் ஏன் அக்கா சிரிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். தங்கச்சியின் கட்டுரையைப் பெரிய சேர் தானே முன்மொழிகிறாராம் என்றேன். முன்மொழிவது என்றால் என்னவென்று எனக்கும் சரியாகத் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. எல்லாரும் சந்தோஷப்பட்டோம். ஜஹானாவின் உம்மாவைத் தேடிப் போய், வரிசையில் நின்று நின்றுதான் என் தங்கச்சி இந்த இடத்துக்கு வந்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மன்னிப்பெல்லாம் விடு. நீ எழுதியது சரி. நான் சொல்ல வருவது வேறு.

அந்த ஒரு வரி எனக்குப் பிடிக்கவில்லை. "ஒரு சேகரிப்பாளர்." யார் அது? தெருவில் போகிறவளா? நான் பயப்படுவேன் என்று பெயரை மறைத்திருக்கிறாய். நாற்பது வீட்டு வாசலில் நின்று என் வாயாலேயே சொன்னதை இனி யாரிடம் மறைக்கப் போகிறேன்? நீ என் பெயரைப் போடாவிட்டால் வாசிக்கிறவர்கள் நளீர் முதலாளிதான் செய்தார் என்று நினைத்தாலும் நினைப்பார்கள். அந்த மனிதர் பாவம், அவர் வாழ்க்கையில் ஒரு பொருளைப் புடைத்ததே இல்லை.

பெயரைப் போட்டு எழுது. கெட்டுப்போன நாற்பதும் இன்னாரால் கெட்டது, அதற்குப் பிறகு வந்த முப்பத்தேழும் இன்னார் நடந்து போய்க் கேட்டு வாங்கி வந்தது என்று எழுது. அப்படி எழுதுகிற வழக்கம் இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அனுஷியா அக்காவிடம் கேள். அவர் இல்லை என்றால் தனபாலன் சேரிடம் கேள். இன்னும் ஆறு நாள் இருக்கிறது, கேட்க ஆளா இல்லை உனக்கு?

முதல் தடவையும் இராஜேஸ்வரி, கலகெதர. இரண்டாம் தடவையும் இராஜேஸ்வரி, கலகெதர. இரண்டு இடத்திலும் போட்டு அனுப்பு.

அக்கா